இருபத்தாறாவது நிமிடம்

இரவு ஒன்று நாற்பது.
பிரிசில்லா சிஸ்டர் போனில் பெயர்கூடச் சொல்லவில்லை.
"அந்தியூர் கேஸ். பிரசவம். நிக்கவே மாட்டேங்குது."

எது நிற்கவில்லை என்று
ரத்த வங்கியில் யாரும் கேட்பதில்லை.

ஓ நெகட்டிவ் இரண்டு பை.
யாருக்கும் ஆகும், அதனால் எப்போதும் குறைச்சல்.
பெட்டியில் வைத்துச் சின்னராசு கையில் கொடுத்தேன்.
லிஃப்ட் சாவி அவன் கழுத்திலேயே தொங்குகிறது,
போன ஆடியில்
சாப்பாட்டு வண்டியோடு இரண்டாம் மாடியில்
பெட்டி ஒன்பது நிமிடம் நின்றதிலிருந்து.

கீழ்த்தளத்திலிருந்து நாலாம் மாடி:
நூற்றி எண்பத்தாறு எட்டு, ஒரு லிஃப்ட், இரண்டு கதவு.
முன்பு மூன்று கதவு.
ஒரு மத்தியானம் வேலை கெட்டவள் மாதிரி
நடந்து நடந்து எண்ணி
எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒன்றைக் கழற்றினார்கள்.

ஏபி பிளாஸ்மா நாலைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினேன்.
முப்பத்தேழு டிகிரி, இருபத்தைந்து நிமிடம்.
கெஞ்சினாலும் இருபத்தைந்துதான்.
சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் உருகும், உதவாது.
தட்டணுக்கள் தங்கள் தட்டில்
இக்கட்டயும் அக்கட்டயும் ஆடிக்கொண்டிருந்தன,
சத்தம் பிடுங்கிய பள்ளிபாளையத்துத் தறி.

பிறகு சாம்பிள் வந்தது.
குழாயின் மேல் "வினோதினி".
எண் இல்லை. நேரம் இல்லை.
எடுத்தவர் கையெழுத்து இல்லை.
அந்தியூரில் எத்தனை வினோதினி,
இந்த ராத்திரி மேலே படுத்திருப்பது எத்தனை?

"மறுபடி எடுத்து அனுப்புங்க."
"மேடம், இங்க தரையெல்லாம் ரத்தம்.
உங்களுக்குப் பேப்பர் வேணுமா?"
"வேணும் டாக்டர்."

சொல்லிவிட்டு
நடுங்கிய கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

நாலு நிமிடம்.
சென்ட்ரிஃபியூஜ் மூடியைத் துடைத்தேன்.
அது சுத்தமாகத்தான் இருந்தது.
மறுபடியும் துடைத்தேன்.

இரண்டாவது குழாய், எண்ணோடு. பி பாசிட்டிவ்.
பொருத்தம் பார்க்க வைத்துவிட்டு
ஒதுக்கிய முதல் குழாயையும் சோதித்தேன்,
யாரும் சொல்லாமல்.
அதுவும் பி பாசிட்டிவ்.

அப்படியானால் அந்த நாலு நிமிடம்?

ஒரு பையின் எண் சென்னிமலை முகாமுடையது.
நைட் ஷிப்ட் முடித்து, தலையில் பஞ்சோடு வந்த ஒருவர்
ஜூஸ் டம்ளரைப் பிடித்தபடி கேட்டார்,
"இது எந்தூருக்குப் போகுமுங்க?"
தெரியாதுங்க என்றேன்.
அவருடையதுதானா இது, அதுவும் தெரியாது.

இரண்டு இருபத்தொன்றுக்குப் பெட்டி ஏறியது.
நாலு சிவப்பு. உருகிய பிளாஸ்மா தனிப் பெட்டியில்.

முப்பது நிமிடத்துக்குள் திரும்பினால் குளிர்பெட்டி,
தாண்டினால் மஞ்சள் வாளி.
போன மாதம் முப்பத்து மூன்றில் வந்த பையை
நானேதான் போட்டேன்.
பார்க்க நல்ல ரத்தம். கையில் இன்னும் ஜில்லென்றிருந்தது.

அதற்குப் பிறகு போன் இல்லை.
போன் அடிக்காவிட்டால் இரண்டு அர்த்தம்.
இரண்டும் எனக்குத் தெரியும்.
பெருந்துறை ரோட்டில் ஒரு லாரி
ஏர் ஹாரனை நீளமாக அமுக்கிக்கொண்டு போனது.
யாருமில்லாத ரோட்டில் யாருக்கு அமுக்குகிறான்?

இரண்டு நாற்பத்தேழு. கதவருகே சின்னராசு.
"ரெண்டு பை வேண்டாம்னுட்டாங்க மேடம்."

வேண்டாம் என்பதற்கும் இரண்டு அர்த்தம்.
நான் கேட்கவில்லை.
தெர்மாமீட்டரைப் பார்த்தேன்: எட்டு டிகிரி.
கடிகாரம்: இருபத்தாறு நிமிடம்.
பைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீர் வடித்துக்கொண்டே சொன்னான்,
"சிஸ்டர் டீ வாங்கியாறச் சொன்னாங்க.
மொத்தம் ஏழு. சர்க்கரை தூக்கலா வேணுமாம்."

"எட்டா வாங்கு," என்றேன்.
குரல் சரியாக வரவில்லை. செருமிக்கொண்டேன்.

பதிவேட்டில் "திரும்பப் பெறப்பட்டது" என்று எழுதி
இரண்டையும் முன்வரிசையில் வைத்தேன்.
வருகிற பதினேழோடு காலாவதி.
அதற்குள் யாராவது கேட்பார்கள்.